நாற்பத்தொரு நாள் பாக்கியும் ஏலக்காரத் தம்பியும்

தொடர்கதையில் விஷம் வைத்தவன் யாரென்று அறியாதிருக்கும் பேரின்பத்தின் விலை ஒரு தேநீர்க் காசு. வார இதழின் அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. அவ்வின்பத்தைக் கண்மணியெனக் காத்த பெரியக்காள் வாழ்க! அலுவலகத் தட்டச்சுப் பொறிகளை முப்பதாண்டு அதிரவைத்த விரலாள், எழுத்துக்கூட்டிய வயதிலேயே பொட்டலம் சுற்றிய தாளையும் விடாத விழியாள், முதற்பக்கத்து முதலெழுத்தில் புகுந்தால் கடைசிப் பக்கத்து அச்சக முகவரியிலன்றி வெளிப்படாத வேங்கை, தொலைந்த பத்திரம் பற்றிய அறிவிப்பையும் துக்கத்தோடு வாசிக்கும் தூயவள் வாழ்க, அவள் மூக்குக்கண்ணாடி வாழ்க!

மகளின் பிரசவத்துக்குப் போய்த் திரும்பிய அம்மாதரசியை வாசலில் எதிர்கொண்டது, நாற்பத்தொரு நாள் நாளிதழ்க் குன்றம். இடையிடையே வார இதழ்ப் பாறைகள். வேறொருத்தியாயின் அள்ளி எடைக்குப் போட்டிருப்பாள். இவளோ வரிசை தவறேன், வரி தவறேன் என்று சூளுரைத்து, நாளுக்கொன்றாக அடியிலிருந்து உருவி வாசிக்கலானாள். நாளுக்கொன்றாக மேலே புதிதும் ஏறியது. ஆதலின் குன்றம் தேயவுமில்லை, வளரவுமில்லை. ஊரே மழையில் நனைகையில், தன் நாளிதழ் வெயில் என்றதை நம்பித் துணியைக் கொடியிலேயே விட்டாள். முடிந்துபோன தேர்தலில் யார் வெல்வாரோ என்று நகம் கடித்தாள். தொடர்கதையில் வீட்டுக்காரருக்கு விஷம் வைத்தவன் யாரென்பது தெருவுக்கே தெரிந்த பின்னும், அவளிடம் வாய் திறந்தவருக்குச் சோறு கிடையாதென்பது வீட்டுச் சட்டம்.

அச்சட்டத்தின்மேல் படையெடுத்து வந்தார் உடன்பிறந்த தம்பி: ஓட்டைப் பாத்திரத்தையும் பொன்விலைக்குத் தள்ளிவிட்ட ஓய்வுபெற்ற ஏலக்காரர், இடிமுழக்கத் தொண்டையர், சொந்தக் காசில் செய்தித்தாள் வாங்கியறியாக் கொள்கைச் சிங்கம், தம் கண்ணாடியை எந்நாளும் வீட்டில் மறந்துவிட்டு வருபவர். குன்றின் உச்சியில் மடிப்புக் கலையாமல் கிடந்த இன்றைய தாளின்மேல் கழுகென விழுந்தது அவர் கை. கையின்மேல் விழுந்தது, சுருட்டிய வார இதழ்.

"முறை வரும்போது நான்தான்டா அதைப் பிரிப்பேன். நாப்பத்தோரு நாள் கழிச்சு வா."

"குடுத்துடு அக்கா. இல்லேன்னா விஷம் வெச்சது யாருன்னு சொல்லிடுவேன். ஒரு தரம்."

திசைகள் நடுங்கின, சமையலறையில் மருமகள் கரண்டியோடு சிலையானாள். "ரெண்டு தரம்" என்று தம்பியார் உறுமிய கணத்தில், வாளுருவும் மாவீரன்போல அக்காள் தன் காதுக்கருவியை உருவி மடியில் செருகினாள். மூன்றாம் தரத்தோடு புறப்பட்ட கொலைகாரன் பெயர், பாறையில் மோதிய அலையாய்ச் சிதறி, பக்கத்து வீட்டாருக்கு மட்டும் பயன்பட்டது. விடுவாரா ஏலக்காரர்? மீசை முறுக்கினார், நொண்டி நடந்தார், குப்பியைக் கவிழ்ப்பதாய் அபிநயம் பிடித்தார். கதையில் நொண்டுகிறவன் எவன் என்று மனம் கணக்கிடத் தொடங்குமுன், அக்காள் கண்ணாடியையும் கழற்றி முக்காலியில் வைத்து, ஒலியும் ஒளியும் துறந்து, பனிமூடிய மலையென வீற்றிருந்தாள்.

நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. பகை பணிந்ததென்று துணிந்து, வாகை சூடிய வேந்தென நிமிர்ந்து, கருவியைக் காதில் பொருத்தி, கண்ணாடிக்குக் கை நீட்டினாள். முக்காலி வெறுமையாயிருந்தது.

"மாமா அதைப் போட்டுக்கிட்டுதான் பேப்பரைப் படிச்சாரு, அத்தை. அப்படியே ரெண்டையும் கொண்டுபோயிட்டாரு" என்றாள் மருமகள்.

அன்றைக்குப் புதுசு ஒன்றும் சேரவில்லை, பழசு ஒன்றும் குறையவில்லை, பாக்கி நாற்பத்தொன்று.