மனு எண் 117: மணியை எடுத்தது யார்?

ஒரு கொம்யூன், அதாவது புதுச்சேரிக்காரர்களின் ஊராட்சி, என்று இருந்தால் அங்கே மூன்று விஷயங்களில் கண்டிப்பான முடிவு வேண்டும். வாய்க்கால் யாருடையது, தெருநாய் யாருடையது, தொடர்கதையில் திருடன் யார். முதல் இரண்டுக்கும் பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே விதி எழுதிவிட்டார்கள். மூன்றாவதை மறந்துவிட்டார்கள். அந்தக் குறை 1971-ஆம் ஆண்டு, தவளக்குப்பத்துக்கு மேற்கே உள்ள ஒரு கொம்யூனில் நிவர்த்தி செய்யப்பட்டது. எந்தக் கொம்யூன் என்பது வேண்டாம். சொன்னால் அங்கிருந்து மனு வரும்.

கொம்யூன் அலுவலகத்தை ஊரார் இன்னும் 'மேரி' என்றுதான் சொல்வார்கள். அதன் தலைவர் மேர். அந்த மேரியில் இருபது வருஷமாக முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் நமச்சிவாயம். அவரைத் தலைமை கிளார்க் ஆக்கும் உத்தரவு, மேர் உலகநாதனின் ஒரு கையெழுத்துக்காக ஆறு மாதமாக மேசையில் கிடந்தது.

மனுவைப் படித்துவிட்டு முத்திரை குத்துவது புதிதாக வேலைக்கு வந்தவர்கள் செய்கிற காரியம். நமச்சிவாயம் முதலில் குத்துவார். நேரம் இருந்தால் பிறகு படிப்பார். அந்தத் திங்கட்கிழமையும் அப்படியே 117 என்று எண் போட்டு, 'பெறப்பட்டது' என்று ஓங்கிக் குத்திவிட்டு, மூக்குப்பொடி போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

"மகா கனம் பொருந்திய மேர் அவர்கள் சமூகத்துக்கு, ஆறாம் வகுப்பு வசந்தாவும் நாற்பது பேரும் பணிந்து எழுதிக்கொள்ளும் மனு. 'குட்டிச்சேவல்' வார இதழில் கஸ்தூரி அக்கா எழுதிய 'பள்ளிக்கூட மணி எங்கே?' துப்பறியும் தொடர் சென்ற வாரம் முடிந்தது. ஆனால் முடியவில்லை. நான்கு பிள்ளைகளும் பச்சைக் கதவைத் திறக்கிறார்கள். உள்ளே ஒருவர் மடியில் மணியோடு உட்கார்ந்திருக்கிறார். 'எங்களுக்கு முதல் நாளே தெரியும். உங்களுக்கும்தான் தெரியும்' என்கிறார்கள். முற்றும் என்று போட்டுவிட்டார்கள். எங்களுக்குத் தெரியவில்லை. எந்தக் குறையானாலும் மேரிக்கு மனுச் செய்யலாம் என்று பாடத்தில் இருப்பதால், திருடன் யார் என்று தெரிவிக்கும்படி வேண்டுகிறோம்."

இருபது வருஷமாகப் பொடிக்கு வராத தும்மல் நமச்சிவாயத்துக்கு வந்தது. கஸ்தூரி அக்கா அவர்தான்.

வேலையில் இருப்பவர் அனுமதியில்லாமல் பத்திரிகைக்கு எழுதக் கூடாது என்று ஒரு விதி உண்டு. தெரிந்தால் உத்தரவு போகும், வேலையும் போகலாம். அதைவிடப் பெரிய சங்கடம், திருடன் யார் என்று அவருக்கும் தெரியாது. தபால்காரரா, பூசாரியா என்று இருபத்தைந்து வாரம் யோசித்தார். அதற்குள் பத்திரிகையிலிருந்து கார்டு வந்தது: தாள் தட்டுப்பாடு, இந்த வாரத்தோடு முடிக்கவும். தபால் எடுக்க அரை மணி இருந்தது. 'உங்களுக்கும்தான் தெரியும்' என்று எழுதிப் போட்டுவிட்டு, "அடேயப்பா, எவ்வளவு ஆழம்!" என்று தானே மெச்சிக்கொண்டார்.

"இது சின்னப் பசங்க வெளையாட்டுங்க ஐயா. தள்ளிடலாம்" என்று மேரிடம் கொண்டுபோனார்.

மேர் உலகநாதன் கரும்பு போடுகிறவர், எதையும் எடைபோட்டுப் பார்ப்பார். "இன்னாபா தள்றது? முத்திரை குத்தி நம்பர் போட்டுட்டியே. முப்பது நாள்ல பதில் சொல்லணும். நாப்பத்தொரு கையெழுத்து. ஒண்ணொண்ணுக்கும் அப்பன்காரன் இருக்கான், அவனுக்கு ஓட்டு இருக்குது. தண்டோரா போடு."

தண்டோரா போட்டார்கள். கதையின் முடிவு குறித்து அபிப்பிராயம் உள்ளவர்கள் மேரிக்கு வரலாம் என்று மூன்று தெருவிலும் அறிவிக்கப்பட்டது. திருடன் யார் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. தான் திருடன் இல்லை என்று சொல்லத்தான் வந்தார்கள்.

முதலில் வந்தவர் தலைமை ஆசிரியர் சாமிநாதன். "பச்சைக் கதவுன்னு போட்டிருக்காங்க. என் ரூம் கதவு பச்சைதான். அதுக்காக? ஸ்கூல் மணி ரிப்பேருக்குப் போய் நாலு வருஷம்தானே ஆகுது?" பள்ளியில் அதுவரை தண்டவாளத் துண்டைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து மளிகைக்கடை இராமச்சந்திரன். "இருவதாவது வாரத்துல திருடன் கையில பெருங்காய வாசனைன்னு வருது. ஊர்ல பெருங்காயம் விக்கிறவன் நான் ஒருத்தன். பசங்களோட மதிய உணவு ரவை என் கடைக்கு வந்துதுன்னு எவனோ அந்த அக்காவுக்கு எழுதிப் போட்டிருக்கான். எவன்னு சொல்லு, நமச்சிவாயம்."

கடைசியில் மேரே கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். "கதவுக்கு வெளிய கரும்பு ஆடிச்சின்னு எழுதிகிறாளே, அந்தப் பொம்பள நம்ம மோட்டார் கொட்டா பக்கம் வந்தாளா? மேரி சிமெண்ட் குழா ரெண்டு அங்க கெடக்குது. சும்மா, மழைக்கு நனையாம வச்சிகிறேன்."

நமச்சிவாயம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பச்சை என்று எழுதியது அவர் மனைவி ஜெயமணி அன்றைக்குப் பச்சைப் புடவை கட்டியிருந்ததால். பெருங்காயம், அன்று வீட்டில் வைத்த ரசம். கரும்பு, வரியை நிரப்ப. இத்தனையும் ஊரில் நிஜமாக நடந்துகொண்டிருப்பது அவருக்கே புதுச் செய்தி. இருந்தாலும், தான் எவ்வளவு பெரிய எழுத்தாளர் என்று உள்ளுக்குள் ஒரு பூரிப்பு.

கஸ்தூரி அக்காவிடமே விளக்கம் கேட்பது என்று தீர்மானமாயிற்று. கடிதத்தை நமச்சிவாயம்தான் எழுதினார். அது பத்திரிகை அலுவலகம் போய், அங்கிருந்து திருப்பப்பட்டு, பத்து நாளில் அவர் வீட்டுக்கே வந்தது.

"உங்க கையெழுத்துல உங்களுக்கே கடுதாசி வந்திருக்குது" என்று ஜெயமணி நீட்டினாள். "பதில் போடுங்க. இல்லாட்டி ஞாபகக் கடுதாசி அனுப்புவீங்க."

அவர் பதில் போடவில்லை. ஆகவே ஞாபகக் கடிதம் அனுப்பினார். 'தங்கள் மௌனம் அலட்சியமாகக் கருதப்படும்' என்று அதில் இருந்தது. வந்து சேர்ந்ததும் அந்தத் தொனி அவருக்கு மிகவும் மனவருத்தம் தந்தது. ஒரு எழுத்தாளரிடம் இப்படியா பேசுவது என்று கோபித்துக்கொண்டே பதில் எழுதினார்: 'முடிவு வாசகர் உள்ளத்தில் இருக்கிறது.'

இருபத்தொன்பதாம் நாள் மேரி மண்டபத்தில் விசாரணை. பிரமுகர்கள் நாற்காலியில், பிள்ளைகள் தரையில். அக்காவின் பதில் வாசிக்கப்பட்டது. வசந்தா எழுந்து நின்றாள். குச்சி போன்ற பெண், பயம் என்பது மருந்துக்கும் இல்லை.

"எங்க உள்ளத்துல தேடிப் பாத்துட்டோம் சார். இல்ல. அந்த அக்காவுக்கே திருடன் யாருன்னு தெரியல."

நமச்சிவாயத்துக்குச் சுருக்கென்றது. "அப்படியெல்லாம் பெரியவங்களைச் சொல்லக் கூடாதும்மா."

"நெசமாத்தான் சார். அவங்க எழுதுனத அவங்களே படிக்கிறதில்ல. ஒம்பதாவது வாரம் ஆடு செத்துப்போச்சு. பதினாலாவது வாரம் அதே ஆடு தழை தின்னுது."

பிள்ளைகள் சிரித்தார்கள். மேரும் சிரித்தார். நமச்சிவாயம் வேலையை மறந்தார், உத்தரவை மறந்தார், இருபது வருஷ ஜாக்கிரதையை மறந்தார்.

"ஆடு சாகலை! மயக்கம்! அச்சுக் கோக்கிறவன் மாத்திட்டான். நான் எழுதினதுல 'மயங்கி விழுந்தது'ன்னுதான் இருக்கு!"

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அப்போதும் அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எழுத்தாளருக்குத் தன்மானம் என்று ஒன்று இருக்கிறது. பெற்ற பிள்ளையைப்போல மஞ்சள் பையிலேயே வைத்திருந்த நகலை உருவி, ஒன்பதாவது வாரத்தை எடுத்து வசந்தாவிடம் நீட்டினார். "படிச்சிப் பாரு!"

அவள் படித்தாள். "ஆமா சார். மயங்கிதான் விழுந்திருக்குது." பிறகு தாளைத் திருப்பினாள். "இன்னா சார், பின்னாடி மேரி சீல் இருக்குது? பொறப்பு எழுதுற பாரம்."

அடுத்த தாளைத் திருப்பினாள். அதுவும் பாரம்தான். இருபத்தாறு வாரமும் பாரம். ஆறு மாதமாகப் பாரம் தீர்ந்துவிட்டது என்று ஊரில் பிறந்த குழந்தைகளைப் பதியாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தவர் நமச்சிவாயம்தான்.

தலைகுனிந்து நின்றார். தான் எடுத்தது தனக்கே இவ்வளவு நாள் உறைக்கவில்லையே என்று நிஜமாகவே அவமானமாக இருந்தது. மேர் வாயைத் திறந்தார். நமச்சிவாயம் நிமிர்ந்து மேரைப் பார்த்தார். மேர் வாயை மூடிக்கொண்டு தலைமை ஆசிரியரைப் பார்த்தார். அவர் மளிகைக்கடைக்காரரைப் பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

ஐந்தே நிமிடத்தில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. 'மேற்படி கதையின் முடிவு தெள்ளத்தெளிவாக உள்ளதால் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. மேலும் துருவுவது பொது அமைதிக்கு நல்லதல்ல.' அன்றைக்கே தலைமை கிளார்க் உத்தரவிலும் கையெழுத்து விழுந்தது. ஏன் என்று நமச்சிவாயம் கேட்கவில்லை, மேரும் சொல்லவில்லை. நமச்சிவாயத்தின் அவமானம் உத்தரவைக் கையில் வாங்கும்வரை இருந்தது.

மறுநாள் காலை, நாலு வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. சிமெண்ட் குழாய்கள் தாமாகவே வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தன. யார், எப்போது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

முப்பதாம் நாள் வசந்தாவுக்குப் பதில் போயிற்று: 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. திருடன் யார் என்று தெரியவில்லை.' நாலு நாளில் அதே தாள் திரும்பி வந்தது. கீழே பென்சிலால் மூன்று வரி, நாற்பத்தொரு கையெழுத்து.

"எங்களுக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கும்தான் தெரியும். அடுத்த கதையில் எல்லாரையும் பேர் சொல்லி எழுதும்படி வேண்டுகிறோம்."

தலைமை கிளார்க் நமச்சிவாயம் அதைப் படித்ததும் தள்ளிவிடத்தான் பார்த்தார். ஆனால் படிப்பதற்கு முன்பே 163 என்று எண் போட்டு, முத்திரை குத்தியிருந்தார்.