முப்பதோடு ஒன்று

"மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்தாத்தான் ஓனரம்மா விடுவாங்களாம். அதுவும் இங்கிலீஷ்ல. இல்லேன்னா ஒரு மாசத்துல வீட்டைக் காலி பண்ணணுமாம்" என்றாள் மனைவி.

ஹெட்கிளார்க் அலட்சியமாகச் சிரித்தார். புகார்ப் பிரிவில் தினமும் முப்பது பேருக்கு இங்கிலீஷில் வருத்தம் தெரிவிக்கிற கை அது. வீட்டில்தான், கல்யாணமாகி இருபது வருஷத்தில், ஒரு சாரிகூட வந்ததில்லை.

காலையில் குழாயைத் திறந்து போட்டுவிட்டு ஆபீஸ் போனவர் அவர். தண்ணீர் சொட்டி, கீழ்வீட்டு ஓனரம்மாவின் மெத்தை ஊறிப்போனது. முந்தின நாளே அக்கா வீட்டுக்குப் போய், சாயங்காலம்தான் திரும்பிய மனைவியைப் பார்த்து, "உன் வேலைதான்" என்று ஒரே போடாகப் போட்டவரும் அவரேதான்.

'ஏற்பட்ட அசௌகரியத்துக்கு ரிக்ரெட்' என்று இரண்டு வரி எழுதினார். மனைவி கீழே கொண்டுபோனாள். போன வேகத்தில் திரும்பினாள்.

"கரன்ட் கட்டுக்கு எழுதின மாதிரி இருக்காம். இப்போ பதினஞ்சு நாள்தானாம்."

ரோஷம் வந்துவிட்டது. 'தங்கள் ஈடுசெய்ய முடியாத இழப்பில் ஆழ்ந்த துயரத்துடன் பங்கேற்கிறேன்' என்று ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளினார்.

"மெத்தை நனைஞ்சதுக்கு இரங்கல் கூட்டமான்னு கேக்கறாங்க. ஒரு வாரமாம்."

'தங்கள் மனம் புண்பட்டிருக்குமானால்...' என்று மூன்றாவது கடிதம்.

"பட்டிருக்குமானாலா? நாளைக்கே காலி பண்ணணுமாம்!" மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தப்பு உங்களோடதுன்னு எழுதணுமாம். பழியை அடுத்தவங்க மேல போட்டதையும் எழுதணுமாம்."

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க குரல் கீழ்வீட்டோடவா நிக்குது?"

பேனா நகர மறுத்தது. நான்கு தாள் கசக்கிய பிறகு, சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினார்: குழாயைத் திறந்து விட்டது நான். பழியை இன்னொருத்தர் மேல் போட்டேன். ஐ ஆம் சாரி. எழுதி முடித்தபோது அவருக்கே நிஜமாக வருத்தமாக இருந்தது.

மனைவி அதை மெதுவாகப் படித்தாள். மடித்து எடுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை பதில் எதுவும் கொண்டுவரவில்லை.

மறுநாள் காலை, ஓனரம்மா மெத்தையை வெயிலில் புரட்டிக்கொண்டிருந்தார். ஹெட்கிளார்க் தயங்கித் தயங்கிக் கிட்டே போனார்.

"கடைசி லெட்டராவது உங்களுக்குத் திருப்தியா இருந்துதாங்க?"

"எனக்கு ஏதுப்பா இங்கிலீஷ்? உன் வீட்டம்மாதான், 'தமிழ்ல எங்கிட்ட மன்னிப்புக் கேக்க அவருக்கு வாயே வராது, உங்க பேரைச் சொல்லி இங்கிலீஷ்லயாவது ஒண்ணு வாங்கிக்கறேன்'னா. வாங்கிட்டாளா?"