வாடகை இல்லாத மைக்செட்

"ப்ரியா! அந்த ஒயரைக் கழத்துறியா இல்லையா?"

கோட்டைச்சாமி மூன்றாம் தடவை கத்தினார். மகள் திரும்பவில்லை. காதில் இயர்போன், மடியில் புத்தகம். போலீஸ் வேலைக்கு ஓடி, குதித்து, பரீட்சை எழுதித் தேறியாயிற்று. பாக்கி மருத்துவச் சோதனைதான். அதில் காதையும் பார்ப்பார்களாம்.

தெருவோடு போன மைக்செட் இம்மானுவேல் வண்டியை நிறுத்தினான்.

"அண்ணே, தொண்டையை எதுக்குப் புண்ணாக்குறீக? ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டி விடுறேன். ஊருக்கே புத்தி சொல்லுங்க. நல்ல காரியம், வாடகை வேண்டாம்."

சும்மா கொடுப்பவனை நம்புகிற ஆளில்லை கோட்டைச்சாமி. ஆனாலும் மைக்கைக் கண்டதும் கை நீண்டுவிட்டது.

"பாதிச் சத்தத்துக்கு மேல வைக்காதீக! காதுக்கு அப்பப்ப ஓய்வு குடுங்க!"

பரளச்சி ஊர் முழுக்க அலறியது. ப்ரியா எழுந்து வந்தாள்.

"நான் பாதியிலதான்ப்பா வச்சிருந்தேன். பாட்டுகூட இல்ல, பாடம். இப்ப உங்க சத்தத்துல முழுசா வச்சாத்தான் கேக்குது."

"பாத்தியா, முழுசா வைக்கிறா!"

இரண்டாவது குழாய் ஏறியது.

மறுநாள் மிளகாய்க் காட்டில் களை எடுக்கிற பெண்கள் காதிலெல்லாம் ஒயர்.

"ஊரே கெட்டுப்போச்சுண்ணே" என்று இம்மானுவேல் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி இரண்டை இறக்கினான். "இனிப் பெருசா அடிச்சாத்தான் திருந்தும்."

கோட்டைச்சாமி குரலைப் பதிவு பண்ணித் திரும்பத் திரும்ப அடித்ததில் ஓடு இரண்டு சரிந்தது. ப்ரியா புத்தகத்தைப் பைக்குள் திணித்து அருப்புக்கோட்டை பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

"எங்கத்தா போற?"

"சித்தி வீட்டுக்கு. காதைக் காப்பாத்த."

மூன்றாம் நாள் ஆடு மேய்க்கிற மூக்கம்மாள் காதிலும் ஒயர். மறுமுனை சேலை முந்தியில் முடிந்து கிடந்தது.

"ஏத்தா, ஒன்கிட்ட போனே இல்லையே?"

மூக்கம்மாள் ஒரு பக்க ஒயரைக் கழற்றினாள்.

"ஒங்ககிட்டதான் மைக்கு இருக்கே!"

சாயங்காலம் மனைவி தங்கலட்சுமி சோற்றை வைத்து ஏதோ சொன்னாள். வாய் மட்டும் அசைந்தது. கோட்டைச்சாமிக்குக் கேட்டதெல்லாம் 'ஙொய்'தான். வேர்த்துப்போய் மைக்செட் வண்டிக்கு ஓடினார்.

"ஏலே, நிப்பாட்டுலே! காதை அடைக்க ஏதாச்சும் இருந்தாக் குடு!"

இம்மானுவேல் சாவகாசமாகச் சீட்டுக்கடியில் இருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தான். நூறு இயர்போன் கொள்ளும் பெட்டி. அடியில் ஒன்றே ஒன்று கிடந்தது.

"மொத நாளே இதை உங்களுக்குன்னு எடுத்து வச்சுட்டேன்ணே."