மூன்று தட்டும் நூற்றுப் பதினான்கு பெட்டியும்

"இருபத்தேழு," என்றார் அவறாச்சன், முக்காலியின் மேல் நின்று அளவு நாடாவை அலமாரியின் உச்சியில் அழுத்திப் பிடித்தபடி. "சரியா இருபத்தேழு பெட்டி. ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

கீழே முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சோசம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இச்சாயா, ஒண்ணு சொல்லட்டா? கோவப்படக் கூடாது."

"கணக்கு முடியட்டும்டீ. நடுவுல பேசினா விட்டுப் போயிரும்."

சோசம்மா பேசவில்லை. முப்பத்தோரு வருடத் தாம்பத்தியத்தில் அவள் பல வகையான மௌனங்களைக் கற்றிருந்தாள். இது பொறுத்திருந்து பார்க்கிற வகை.

அவறாச்சன் பாசனத் துறையில் கிடங்குக் கண்காணிப்பாளராக இருந்து போன மாதம் ஓய்வு பெற்றவர். காசர்கோட்டில் தொடங்கிக் காஞ்சிரப்பள்ளியில் முடிந்த உத்தியோகத்தில் ஒன்பது இடமாற்றங்கள். கல்யாணத்தின்போது சோசம்மாவின் வீட்டார் கொடுத்த பீங்கான் தட்டுகள் பன்னிரண்டு. விளிம்பில் நீலப்பூ போட்டவை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒன்று என்று உடைந்து, மீதி இருந்தவை மூன்று.

இப்போது காஞ்சிரப்பள்ளியிலேயே சொந்தமாக வீடு கட்டி முடித்தாயிற்று. வாடகை வீட்டைக் காலி செய்து அங்கே போய்விட்டால், வாழ்க்கையில் இனி மூட்டை கட்டுகிற வேலை இல்லை. சனிக்கிழமை மதியத்துக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும்; கண்ணூரிலிருந்து வேறு குடித்தனம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெபம் சொல்லிப் புது வீட்டை மந்திரிக்கப் பங்குத்தந்தை மத்தாயி அச்சன் வருகிறார்.

"இந்த மூணுல ஒண்ணு உடைஞ்சாலும், புது வீட்டுல நீங்க தனியாத்தான் இருக்கணும்," என்று சோசம்மா சொல்லியிருந்தாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் அவறாச்சன் பயந்திருக்க மாட்டார். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

திங்கட்கிழமை தொலைக்காட்சிக் கடையிலிருந்து இருபத்தேழு அட்டைப்பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஆள் உட்காரலாம். முதல் பெட்டியில் அவறாச்சன் புத்தகங்களை அடுக்கினார். துறை விதித்தொகுப்புகள், அதன் திருத்தங்கள், திருத்தங்களுக்கான திருத்தங்கள், இருபது வருடத்து சபைப் பத்திரிகைகள். ஒரு மயிரிழை இடம் விடாமல் அடுக்கி, நாடா ஒட்டி, எதிர்வீட்டு குட்டப்பனைக் கூப்பிட்டார்.

"ஒரு கை கொடு குட்டப்பா. மூணு எண்ணினதும் தூக்கணும்."

மூன்று எண்ணினார்கள். பெட்டி மேலே வந்தது. அதன் அடிப்பக்கமும் புத்தகங்களும் தரையிலேயே இருந்தன.

குட்டப்பன் குனிந்து பெட்டியின் வழியாக அவரைப் பார்த்தான். "சாரே, ஜன்னல் மாதிரி நல்லாத்தான் இருக்கு."

"கனமான சாமானுக்குச் சின்னப் பெட்டி. லேசான சாமானுக்குப் பெரிய பெட்டி," என்றார் அவறாச்சன், இந்த உண்மையைத் தானே இப்போதுதான் கண்டுபிடித்ததுபோல். "கணக்கைத் திரும்பப் போடணும்."

"நான் சொல்ல வந்தது என்னன்னா…" என்று சோசம்மா ஆரம்பித்தாள்.

"தெரியும்டீ. நீ மரக்கூடை வாங்கச் சொல்வே. அதெல்லாம் பழைய காலம்."

செவ்வாய்க்கிழமை மருந்துக்கடைப் பெட்டிகள் அறுபது வந்தன. பெட்டிக்கு ஒரு எண். எந்த எண்ணில் என்ன சாமான் என்று ஒரு நோட்டில் பதிவு. கிடங்கில் இருபத்தொன்பது வருடம் செய்த வேலை. நாடா கிழிகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. சோசம்மா கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டுப் புது வீட்டுக்குப் போய், ஜன்னல்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கஞ்சி பொங்குவதற்குள் திரும்பி வந்தாள். அவறாச்சன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் கரண்டிகளை நீளவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அவருக்கு மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டது. அது பெட்டிக்குள் போயிருந்தது. எந்தப் பெட்டி என்று நோட்டைப் பார்க்கலாம் என்றால், நோட்டும் பெட்டிக்குள் போயிருந்தது. நோட்டு எந்தப் பெட்டியில் என்பது நோட்டில் இருந்தது.

பத்தொன்பது பெட்டிகளைப் பிரித்தார்கள். நாடாவை இழுக்க இழுக்க அட்டையும் கூடவே உரிந்து வந்தது. நோட்டு கிடைத்தபோது பத்தொன்பது பெட்டிகள் குப்பையாகியிருந்தன.

"போகட்டும். வேற பத்தொன்பது வாங்கணும். கூடவே முன்னெச்சரிக்கைக்கு நாலு," என்றார்.

"முன்னெச்சரிக்கைக்கா?"

"திரும்பத் தொலைஞ்சா?"

சோசம்மா குழம்புச் சட்டி இருந்த பெட்டியையும் கிழிக்க மனமில்லாமல், வெறும் கஞ்சியைச் சவரக் கிண்ணத்தில் ஊற்றி அவரிடம் நீட்டினாள். வீட்டுப் பூனை மட்டும் எதற்கும் கவலைப்படவில்லை. அது இரண்டு வாரம் முன்பே புது வீட்டுக்குக் குடி போய்விட்டது. சாப்பாட்டு வேளைக்கு மட்டும் இங்கே வந்து போனது.

அவறாச்சனுக்கு உண்மையான கவலை மூன்று தட்டுகளைப் பற்றியது. புதன்கிழமை குட்டப்பன் ஒரு யோசனை சொன்னான். "மதுக்கடைப் பெட்டியைவிட உறுதியான பெட்டி இந்த நாட்டுல கிடையாது சாரே. உள்ளே பாட்டிலுக்குப் பாட்டில் தடுப்பு. மலையிலேருந்து உருட்டி விட்டாலும் ஒண்ணும் ஆகாது."

"ஒரு பெட்டி போதும்."

"ஒரு பெட்டின்னு கேட்டா தரமாட்டான். மொத்தமாத்தான் எடுக்கணும்."

எனவே ரம் என்று பெரிய எழுத்தில் அச்சடித்த இருபத்துநான்கு பெட்டிகளை, அடுக்கி, கயிற்றால் கட்டி, ஆட்டோவில் ஏற்றி, தேவாலய வாசல் வழியாகக் கொண்டு வந்தார். வேறு வழி இல்லை. அந்த வழிதான் தார் போட்ட வழி.

ஒரு மணி நேரத்தில் மத்தாயி அச்சன் வாசலில் நின்றார்.

"அவறாச்சா, மந்திரிப்புக்குப் பின்னால கேக்கும் காப்பியும்னுதானே சொன்னே?"

"ஆமா மத்தாயி அச்சோ."

அச்சன் வராந்தாவில் அடுக்கியிருந்ததைப் பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார். "இருபத்துநாலு பெட்டி. பன்னிரண்டு பன்னிரண்டாப் பார்த்தா…"

"காலிப்பெட்டி அச்சோ! தட்டு வைக்க!"

"எத்தனை தட்டு?"

அவறாச்சன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மூணு."

அச்சன் ஒரு தடவை சிலுவைக்குறி போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

பழிச்சொல்லிலிருந்து தப்ப அவறாச்சன் வியாழக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பெட்டிகளின் மேல் பழுப்புக் காகிதம் ஒட்டினார். அதுதான் பெரிய தப்பாகப் போயிற்று. வெறும் ரம் பெட்டியாக இருந்தவரை ஊரில் பாதிப் பேர் அது காலியாக இருக்கலாம் என்று நம்பினார்கள். காகிதம் ஒட்டியதும் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. பத்து வருடமாக முகம் கொடுத்துப் பேசாத ஆட்களெல்லாம் வேலி ஓரத்தில் நின்று விசாரித்தார்கள்.

"அவறாச்சன் சாரே, ஞாயிற்றுக்கிழமை நாங்களும் வந்துடறோம். அழைக்கலைன்னு மனசுல ஒண்ணும் வெச்சுக்கல."

"அங்கே காப்பிதான் ஓய்!"

"புரியுது சாரே, புரியுது. காப்பிதான்." கண்ணடித்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் மொத்தம் எண்ணினார். நூற்றுப் பதினான்கு. கூடத்திலிருந்து சமையலறைக்குப் பக்கவாட்டில் நடந்துதான் போக முடிந்தது. எண்பத்தெட்டாம் எண் பெட்டியில் தம் கையாலேயே எழுதினார்: 'மூன்று தட்டு. உடையும். இந்தப் பக்கம் மேலே.'

"தட்டைக் கொண்டா. நானே வைக்கிறேன்."

"அது என் பொறுப்பு," என்றாள் சோசம்மா. "நீங்க ஒட்டற வேலையைப் பாருங்க." பெட்டியை அவளே மூடிக் கொடுத்தாள். அவர் அதைச் சுற்றி ஏழு தடவை நாடா ஒட்டினார்.

பேசி வைத்திருந்த சின்ன வண்டி இனி போதாது. லாரிக்காரன் சுகுணனைத் தொலைபேசியில் பிடித்தார்.

"எங்கேருந்து எங்கே சாரே?"

"எங்கேங்கறது முக்கியம் இல்ல. எத்தனைங்கறதுதான் முக்கியம். நூத்திப் பதினாலு உருப்படி. இருக்கறதுலயே நீளமான வண்டியைக் கொண்டா."

சோசம்மா பக்கத்தில் நின்று வாயைத் திறந்தாள். அவர் கையை உயர்த்தினார். அவள் வாயை மூடிக்கொண்டு, புடவைத் தலைப்பை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. மனைவி வருத்தப்படுகிறாள் என்று நினைத்த அவறாச்சனுக்கு நெஞ்சு இளகியது. "எல்லாம் நல்லபடி போய்ச் சேரும்டீ," என்றார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு லாரி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. சுமையாட்கள் நான்கு பேர். முக்கால்வாசிப் பெட்டிகள் ஏறியதும் அவறாச்சன் கையைத் தூக்கி அவர்களை நிறுத்தினார். எண்பத்தெட்டை அவரே தூக்கிக்கொண்டு போகப் போகிறார். மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்காரப் போகிறார்.

தூக்கினார். பெட்டி பஞ்சுபோல் வந்தது.

ஆட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. ஏழு சுற்று நாடாவையும் பிய்த்தார். பன்னிரண்டு தடுப்புகள். பன்னிரண்டும் காலி.

"சோசம்மா! தட்டு!"

"எதுக்கு இப்படிக் கத்தறீங்க? தட்டு பத்திரமா இருக்கு. செவ்வாய்க்கிழமையே புது வீட்டு அலமாரியில வெச்சுட்டேன்."

"செவ்வாய்க்கிழமையா? எந்த வண்டியில? எந்தப் பெட்டியில?"

"கையில."

"கையிலயா!" அவறாச்சன் நூற்றுப் பன்னிரண்டாம் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அது மெல்ல உள்வாங்கியது. "சுத்தாம, கட்டாம, நம்பர் போடாம… வெறும் கையில? ஏடீ, ஒன்பது மாற்றல்ல ஒன்பது தட்டு போயும் நீ ஒண்ணும் கத்துக்கலையா? வழியில ஏதாவது ஆகியிருந்தா?"

 பூனை வாசல் வழியாக உள்ளே வந்து, நேரத்துக்குச் சாப்பாடு தயாராகாததைப் பார்த்து, திரும்பிப் போயிற்று.

வெளியே மீதிப் பெட்டிகளும் ஏறின. பின்கதவு சாத்தி, கொக்கி போடும் சத்தம் கேட்டது. சுகுணன் வண்டியில் ஏறி, இயந்திரத்தைக் கிளப்பி, முன்னும் பின்னும் எட்டிப் பார்த்தான். பிறகு அணைத்துவிட்டு இறங்கி வந்தான். தலையைச் சொறிந்தான்.

"சாரே, வண்டியோட பின்பக்கம் இந்தக் கேட்டுல நிக்குது, முன்பக்கம் உங்க பேர் எழுதியிருக்கற அடுத்த கேட்டுல நிக்குது. இனி நான் எங்கே ஓட்டணும்?"