சம்பந்தியின் ஆள்காட்டி விரல்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, தலை குனிந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான், என் மகன், தங்கள் மகள் மூவரும் நலம். அடுத்த வரியில் தங்கள் நலமும் சம்பந்தியம்மாவின் நலமும் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. எழுதப் போனேன், கை கூசியது. உங்கள் நலத்தை அறிய நான் காட்டிய ஆவலால்தானே நீங்கள் பன்னிரண்டு நாளாக ரயில் இன்ஜினில் ஏறாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே அந்த வரியை விட்டுவிட்டேன். கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம், தெரிந்தே விட்டது.

போனிலேயே மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் நீங்கள் பரவாயில்லை விடுங்கள் என்று சொல்லி, மழை வருகிறதா என்று விசாரித்து, வைத்துவிட்டீர்கள். நீங்கள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அதனால்தான் கடிதம். இதை முடித்ததும் தங்கள் மகளிடம் சிவப்புப் பென்சிலோடு கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்லப்போகிறேன். முப்பத்தாறு வருஷம் அச்சகத்தில் அடுத்தவர் எழுத்துக்குப் புரூஃப் பார்த்தவன், போன முறை நானே எழுதி நானே அனுப்பியதன் பலனைத்தான் எல்லாரும் பார்த்துவிட்டோமே.

நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலையில் நாளிதழைப் பிரித்து, பிழைகளைச் சிவப்பில் சுழித்து, என் வீட்டுக்காரியிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். அவள் பார்க்காமலே பாவம் விடுங்கள் என்பாள். அவள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது நாளிதழைப் பிரிப்பதில்லை, ஐந்து வாரத்துத் தாள்கள் மடிப்புக் கலையாமல் அலமாரி மேல் இருக்கின்றன, பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அதனால் நேரம் நிறைய மிச்சம். சோபாவில் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஏழே நாளில் மனதைப் படிக்கக் கற்றுத் தருகிறேன் என்று கோட்டுப் போட்ட ஒருவர் ஒரு வீடியோவில் வந்தார். நான் நாலு நாளில் கற்று முடித்தேன். கடைசியில் பத்துக் கேள்வி. யாரை நினைத்துப் பதில் போடுகிறோமோ அவருக்கு ஆறு 'ஆம்' விழுந்தால் அவர் கவனிக்கப்பட வேண்டியவர். தெரிந்தவர், தெரியாதவர், தெருவில் போகிறவர் என்று எல்லாருக்கும் போட்டுப் பார்த்தேன். எனக்கு மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. புரூஃப் பார்ப்பவனை யாரும் புரூஃப் பார்ப்பதில்லை, எங்கள் தொழிலில் அப்படித்தான்.

முதலில் அகப்பட்டவர் முடிதிருத்துபவர். மனிதர் வாய் ஓயாமல் பேசுவார், ஒரு பேச்சு முடியுமுன் அடுத்த பேச்சுக்குத் தாவுவார், கத்தரிக்கோலையும் சும்மா தட்டிக்கொண்டே இருப்பார். ஏழு 'ஆம்'. தலையில் பாதி வெட்டியிருக்கும்போது, தம்பி உங்களுக்கு இருப்பது மிகை உற்சாகக் கோளாறு, பயப்பட வேண்டாம், குணப்படுத்தலாம் என்று ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் பேச்சை நிறுத்தினார். மீதித் தலையை ஒரு வார்த்தை பேசாமல் வெட்டினார். அந்த நிசப்தம் இருக்கிறதே சம்பந்தி, கழுத்தருகே கத்தி வரும் நேரத்தில் அதைத் தாங்க முடியாது. அதன்பின் நான் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. ஆகவேதான் இந்தத் தாடி, வேறு காரணம் ஒன்றுமில்லை.

அடுத்து மாடியில் குடியிருக்கும் பாட்டு டீச்சர். படியில் பார்த்தால் முகம் நிறையச் சிரிக்கிற பெண் திடீரென்று சிரிப்பதை நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு 'ம்' என்பாள், வாயைக் கையால் மூடிக்கொள்வாள். ஒன்பது 'ஆம்'. மனச்சோர்விலிருந்து மீள்வது எப்படி என்று என் கைப்பட நாலு பக்கம் எழுதி அவள் கதவிடுக்கில் செருகினேன். மறுநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி வாயை நன்றாகத் திறந்து காட்டினாள். பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தார்கள். இத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். மனச்சோர்வு உள்ளவர்கள் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொள்ளக் கூடாதென்று எங்கே இருக்கிறது என்று எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போனேன். அடுத்த ஆள் நீங்கள்.

போன மாதம் நீங்களும் சம்பந்தியம்மாவும் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கினீர்கள் அல்லவா. முதல் நாள் காலையில் சமையலறையைக் கடந்து போனபோது பார்த்தேன். நீங்கள் தனியாக நின்று, ஆள்காட்டி விரலை அடுப்புக்கு நேராக நீட்டி, "கேஸ், மூடியாச்சு" என்று வாய்விட்டுச் சொன்னீர்கள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "ஜன்னல், தாழ் போட்டாச்சு." வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு, "கதவு, பூட்டியாச்சு." அறையில் வேறு யாரும் இல்லை. ஒரு வாரமும் நீங்கள் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வந்தேன். தோட்டத்துக் குழாயைக்கூட விரல் நீட்டி விசாரித்தீர்கள். நோட்டுப் புத்தகத்தில் நாளும் நேரமும் போட்டுக் குறித்துக்கொண்டேன். பத்துக்குப் பத்தும் 'ஆம்'. அதை 'சம்பந்தியின் மனநிலை குறித்து ஆறு கவலைகள்' என்று தலைப்பிட்டு, ஒற்றுப்பிழை இல்லாமல் தட்டச்சு செய்து, என் மகனுக்கு மட்டும் அனுப்பினேன். மகனுக்கு மட்டும் என்று நினைத்து அனுப்பினேன். அது நாற்பத்திரண்டு பேர் இருக்கும் குடும்பக் குழுவுக்குப் போனது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். உங்கள் மச்சினர் உங்கள் பணிமனையிலேயே எழுத்தராக இருப்பது எனக்குத் தெரியாது. அவர் பக்கத்து மேசையில் காட்ட, பக்கத்து மேசை மேலதிகாரியிடம் காட்ட, ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி, டாக்டர் சான்றிதழ் வரும்வரை இவரை இன்ஜினில் ஏற்ற முடியாது என்று அந்த மேலதிகாரி சொல்லிவிட்டார். ஓய்வு பெற நாலு மாதம் இருக்கும்போது. கடைசி நாளன்று நீங்கள் ஓட்டும் வண்டியில் குடும்பத்தோடு ஏறி வரவேண்டும் என்று தங்கள் மகள் இப்போதே நாள் குறித்து வைத்திருந்தாள்.

அன்று மாலை அவள் வேலையிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் என் எதிரே நின்றாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவள் நின்றபடியே எனக்குப் பாடம் சொன்னாள்.

"மாமா, இன்ஜின்ல சிக்னல் வந்தா ரெண்டு ஓட்டுநரும் விரலை நீட்டி, சிவப்பா பச்சையான்னு வாய்விட்டுச் சொல்லணும். கண்ணு பார்த்ததை வாய் சொல்லணும், வாய் சொன்னதைக் காது கேக்கணும். அதுதான் அவங்க வேலை. முப்பத்திமூணு வருஷமா அப்பா அப்படித்தான் பார்க்கிறார். நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது, 'பென்சில் பெட்டி, இருக்கு. சாப்பாடு, இருக்கு. என் பொண்ணு, இருக்கா'ன்னு என் மூக்கைத் தொட்டுச் சொல்லுவார். அதைப்போய் வியாதின்னு எழுதிட்டீங்களே."

நீங்கள் ரயில் ஓட்டுநர் என்று கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சாகியிருந்தது. அந்தப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்த்தவனும் நானேதான். ஓட்டுநருக்கு இரண்டு சுழி 'ன'வா தந்நகர 'ந'வா என்று பார்த்தேனே ஒழிய, ஓட்டுநர் என்றால் என்ன என்று பார்க்கவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை உங்கள் துணைக்கு நானும் மனநல மருத்துவமனைக்கு வந்திருந்தபோது, நீங்கள் உள்ளே ஏதோ தாளில் விடை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், நான் என் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அந்த டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். எல்லாம் தப்பு, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் புரட்டினார்.

"ஏன் இப்படிச் செய்றீங்கன்னு அவரை ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்றேன்.

"நான் அவரை உட்காரவச்சு ஒரு மணி நேரமா கேட்டுட்டு இருக்கேன். இன்னும் ஒரு தடவை பார்த்துட்டுத்தான் என்னால சொல்ல முடியும். நீங்க கதவு ஓரமா நின்னே சொல்லிட்டீங்க."

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அச்சகத்தின் முதல் பாடம் ஞாபகம் வந்தது. ஒரு சொல் தப்பு மாதிரித் தெரிந்தால் திருத்தாதே. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடு, எழுதியவரிடம் திருப்பி அனுப்பு, அவர் பதில் சொல்லட்டும். முப்பத்தாறு வருஷத்தில் ஒரு எழுத்தாளர் எழுத்திலும் கேட்காமல் கை வைத்ததில்லை. உங்கள் மேல் வைத்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய பாவம் வெளியே வந்தபோதுதான் தெரிந்தது. நாம் கிளம்பும்போது அந்தக் காத்திருப்பு அறையின் மின்விசிறியைப் பார்த்து உங்கள் விரல் மெதுவாக எழுந்தது. நான் பக்கத்தில் நிற்பது தெரிந்ததும் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டீர்கள். பிறகு படியிறங்கும்போது, யாரிடமோ சொல்வதுபோல, "இப்பல்லாம் வாய்விட்டுச் சொல்லவே பயமா இருக்கு சம்பந்தி. சொல்லாம வந்தா, மூடினோமா மூடலையான்னு சந்தேகம் வருது. வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். முன்னெல்லாம் எனக்கு அந்தச் சந்தேகமே வந்ததில்ல" என்றீர்கள். இல்லாத வியாதியை எழுதிவைத்து, எழுதிய வியாதியை வரவழைத்தும் விட்டேன். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. தட்டில் பாதி மிஞ்சுகிறது என்று தங்கள் மகள் குறைப்பட்டுக்கொண்டால் காரணம் இதுதான், வேறொன்றுமில்லை.

ஏன் இப்படிச் செய்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். என் வீட்டுக்காரி நாலு மாதம் அசதியாக இருக்கிறது, அசதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். மெய்யெழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்ணில் படுகிறவனுக்கு அது படவில்லை. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோது காலம் கடந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரைப் பார்த்தாலும், இவரிடம் எதையாவது விட்டுவிடுகிறேனோ என்று ஒரு பயம். அவள் இருந்திருந்தால் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, பாவம் விடுங்க, அவர் அடுப்பைத்தானே பார்க்கிறார் என்று சொல்லியிருப்பாள்.

போகட்டும். நோட்டுப் புத்தகத்தைக் கிழித்துவிட்டேன். நாற்பத்திரண்டு பேருக்கும் 'திருத்தம்' என்று தலைப்பிட்டு என் பிழையை ஒப்புக்கொண்டு எழுதிவிட்டேன். உங்கள் மேலதிகாரியையும் நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். மறுபடி இந்த வியாழக்கிழமை போனால் சான்றிதழ் கையில் கிடைத்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னாராம். கிடைக்கும். உங்கள் விரல் பையை விட்டு வெளியே வர வேண்டும். பழையபடி சிக்னலுக்கும் நீள வேண்டும், எங்கள் வீட்டுக் குழாய்க்கும் நீள வேண்டும். இனி என் ஆயுளில் யாருக்கும் வியாதி கண்டுபிடிக்க மாட்டேன். எனக்கென்று ஒரு குறையும் இல்லை, என்னைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் மகளுக்கும் என் மகனுக்கும் தங்கள் இருவரின் ஆசி என்றும் வேண்டும்.

என்றும் தங்கள் பிழை பொறுக்க வேண்டும்
சம்பந்தி

பின்குறிப்பு: சொன்னபடி கடிதத்தைத் தங்கள் மகளிடம் கொடுத்தேன். பன்னிரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசாதவள், பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். ஒற்றுப்பிழை ஒன்றும் இல்லை என்றாள். ஒரே ஒரு இடத்தில்தான் பென்சில் வைத்தாள். நீங்களே மேலே பார்க்கலாம், முதல் வரியில், 'மூவரும் நலம்' என்பதற்கு எதிரே, ஓரத்தில், சிவப்பில் ஒரு கேள்விக்குறி. திருத்தவில்லை. கேள்விக்குறி போட்டு என்னிடமே திருப்பித் தந்துவிட்டாள். எழுதியவன்தான் பதில் சொல்ல வேண்டும். 'சரியே' என்று எழுதப் பேனாவை எடுத்து அரைமணி நேரம் ஆகிறது, எழுத வரவில்லை. வியாழக்கிழமை மருத்துவமனைக்குச் சீக்கிரம் போய்விடுவீர்கள் அல்லவா. எனக்கும் ஒரு டோக்கன் எடுத்து வையுங்கள் சம்பந்தி.