ஐந்நூற்றுக்கு ஒன்று குறைவு

மூன்றாவது முறை கூட்டியபோதும் நானூற்றுத் தொண்ணூற்றெட்டுதான் வந்தது.

மிலோ ஹாஸ்கெல் கால்குலேட்டரைத் திருப்பி முதுகில் இரண்டு தட்டு தட்டினான். அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. மறுபடி கூட்டினான். நானூற்றுத் தொண்ணூற்றெட்டு.

ஜன்னலுக்கு வெளியே மைதான வேலியில் இருபது அடி நீளத்துக்குப் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். "கோச் டார்லா பெனெஷ்: 500 வெற்றிகள்". அதற்கு அப்பால், டார்லாவின் கணவர் லைல் ஏணி போட்டு ஏறி ஸ்கோர்போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் பெயர் சொல்ல விரும்பாத யாரோ ஒரு புண்ணியவான் கல்லூரிக்கு வாங்கிக் கொடுத்த ஸ்கோர்போர்டு அது. சனிக்கிழமைதோறும் லைல் வந்து துடைப்பார். டார்லாவின் பிக்கப் வண்டி வாசலில் திரும்பியதும் ஏணியை மடக்கிவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல நடந்து போய்விடுவார். விளம்பரம் பிடிக்காத மனுஷன் என்று மிலோ நினைத்துக்கொள்வான்.

ஆல்டர் க்ரீக் கல்லூரியின் விளையாட்டுச் செய்தி அலுவலர் மிலோ. இன்று சாஃப்ட்பால் அணிக்கு இரண்டு ஆட்டம், ஒன்றன்பின் ஒன்றாக. முதல் ஆட்டத்தில் ஜெயித்தால் டார்லாவுக்கு அது ஐந்நூறாவது வெற்றி என்று ஊர் முழுக்கச் சொன்னவன் அவன்தான். விழா மலரில் போடுவதற்காக அவருடைய சாதனைகளைப் பழைய ஸ்கோர் புத்தகங்களோடு ஒத்துப் பார்த்தான். இருபத்து நான்கு வருடம், சரி. ஒன்பது லீக் கோப்பை, சரி. தேசியப் போட்டிக்கு மூன்று தடவை, அதுவும் சரி. வெற்றி எண்ணிக்கைதான் உதைத்தது: இணையதளத்தில் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது, புத்தகங்களில் ஒன்று குறைவு.

உதைக்கக் கூடாத நேரத்தில் உதைத்தது. போன வருடம் கோப்பைப் பேனரில் 2019 என்பதற்கு 2091 என்று அடித்துவிட்டான். "எழுபத்திரண்டு வருஷம் முன்கூட்டியே வாழ்த்திட்டே," என்றார் கல்லூரித் தலைவர் டாக்டர் வின்டர்ஸ். "இன்னொரு தடவை நம்பர் தப்பினா நீ அட்மிஷன் ஆபீஸுக்குப் போன் எடுக்கப் போயிடலாம்." மிலோ ஏற்கெனவே மூன்று மாதம் அங்கே போன் எடுத்தவன். விடுதி மெத்தை எவ்வளவு கனம் என்று கேட்கும் தாய்மார்களின் குரல் இன்னும் அவன் காதில் இருந்தது.

எந்த ஆட்டம் குறைகிறது என்று தேடினான். 2011ஆம் வருடப் புத்தகத்தில் ஒரு வெற்றியின் மேல் பச்சை மையில் கோடு. ஓரத்தில் டார்லாவின் கையெழுத்து: "மழை. நாலு இன்னிங்ஸோடு நின்றது. கணக்கில் வராது."

ஐந்து இன்னிங்ஸ் முடியாத ஆட்டம் ஆட்டமே இல்லை. விதி அப்படி. மிலோ தலைவருக்குப் போன் போட்டான்.

"சார், விழாவை ரெண்டாவது ஆட்டத்துக்கு அப்புறம் வச்சுக்கலாமா?"

"ஏன்?"

"வெயில் தாழ்ந்திருக்கும் சார். போட்டோ நல்லா வரும்."

"நாலு மணிக்கு எனக்கு மீட்டிங் இருக்கே."

"அப்படின்னா..."

"சரி, தள்ளி வைக்கிறேன். உனக்காக இல்ல, டார்லாவுக்காக."

அப்பாடா என்று இருந்தது. இனி அணிப் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஜெயித்த கையோடு பயிற்சியாளர் தலையில் ஒரு பீப்பாய் ஐஸ் தண்ணீரைக் கொட்டுவது வழக்கம். முதல் ஆட்டத்திலேயே கொட்டிவிட்டால் மானம் போய்விடும். மிலோ அணி உட்காரும் டக்அவுட்டுக்கு ஓடினான். பீப்பாய் தயாராக இருந்தது. கேப்டன் ஷெல்பி, பந்து போடும் ஆறடி உயரப் பிட்சர், அதன் மேல் காவல் தெய்வம்போல உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"ஷெல்பி, முதல் ஆட்டத்துல தண்ணி கொட்டாதீங்க. ஐந்நூறு வந்து..."

அவள் கையுறை அவன் வாயை மூடிவிட்டது.

"சொல்லிட்டான்," என்றாள் ஒருத்தி. "சொல்லியே தொலைச்சிட்டான்."

அந்த எண்ணை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. சாஃப்ட்பாலில் நடக்கிற நல்லதை நடந்துகொண்டிருக்கும்போது பேசினால் அது நின்றுவிடும் என்பது எல்லா அணியும் நம்புவதுதான். ஆனால் வெற்றி எண்ணிக்கையைப் பற்றியே பேசக் கூடாது என்று நான்கு வருடம் முன்னால் புதிதாகச் சட்டம் போட்டது டார்லாதான். "எண்ணினா தோப்போம்" என்று டக்அவுட் சுவரில் எழுதியே வைத்திருந்தார்.

"பரிகாரம் பண்ணு," என்றாள் ஷெல்பி.

"எனக்கு நேரம் இல்ல."

"தோத்தா உன் பேரைச் சொல்லுவோம்."

மிலோ டையைத் தோளில் போட்டுக்கொண்டு மைதான மூலையில் மூன்றாம் பேஸ் திண்டை மூன்று முறை பின்பக்கமாகச் சுற்றி ஓடினான். இரண்டாவது சுற்றில் டார்லா வந்துவிட்டார். குட்டையான, கட்டுமஸ்தான பெண்மணி. ஒரு கையில் மண்வாரி, தொப்பி விளிம்பில் செருகிய பச்சைப் பேனா.

"என்ன மிலோ, ரிவர்ஸ்ல போறே?"

"முட்டிக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னார் கோச்."

"வெயில்ல தொப்பி போட்டுக்கோ," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பரிகாரம் முடிந்தது. ஆனால் ஷெல்பி விடவில்லை. "அப்ப அது ரெண்டாவது ஆட்டமா? ரெண்டாவதுல நான் பந்து போடலையே. கோச்சோட அந்த நம்பர் ஆட்டத்துல நான் போடாம வேற யாரு போடறது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா."

"எனக்குத் தோள்பட்டை வலிக்குது," என்றாள் ஷெல்பி, அந்த நிமிடத்திலிருந்து.

முதல் ஆட்டத்துக்கு அவளுக்குப் பதில் முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி பந்து போட்டாள். எதிரணி முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து ரன் அடித்தது. டார்லா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிலோ மைக்கில் ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தான். இந்த ஆட்டம் தோற்றால் இன்றைக்கு ஐந்நூறே கிடையாது. பேனர் கிடையாது, கேக் கிடையாது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் மெத்தை போன் வரும்.

மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு அறைக்கு ஓடினான். இருபத்து நான்கு வருடத்தில் விட்டுப்போன ஒரே ஒரு வெற்றி கிடைக்காமலா போகும்? புத்தகங்களைத் தரையில் பரப்பினான். கிடைத்தது. ஒன்று இல்லை, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. எல்லாம் கடைசி நான்கு வருடத்துப் புத்தகங்களில். எல்லாம் பச்சை மைக் கோடுகள்.

"எதிரணி கேட்சருக்குச் சளி. நியாயமான வெற்றி இல்லை."

"காற்று நம் பக்கம் அடித்தது."

"நடுவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சந்தேகமாக இருக்கிறது."

"நாங்கள் ஜெயித்ததே எனக்கு நம்பிக்கை வரவில்லை."

பத்தொன்பது கோடுகள். வருடக் கடைசியில் டார்லா ஒரு சீட்டில் மொத்தத்தை எழுதிக் கொடுப்பார். மிலோ அப்படியே இணையதளத்தில் ஏற்றிவிடுவான். அந்தப் பத்தொன்பதும் சீட்டுக்கு வரவே இல்லை. மழை ஆட்டத்தை மறுபடி புரட்டினான். நாலு இன்னிங்ஸ் என்று எழுதியிருந்த பக்கத்தில் ஆறு இன்னிங்ஸுக்குக் கட்டம் நிரம்பியிருந்தது. கோட்டின் மேல் விரலை வைத்தான். பழுப்பேறிய பக்கம், ஆனால் மை விரலில் ஒட்டியது.

மழை ஆட்டத்தையும் சேர்த்துக் கூட்டினான். நேற்று வரைக்கும் ஐந்நூற்றுப் பதினெட்டு.

வெளியே பெருங்கூச்சல். ஷெல்பியின் தோள்பட்டை மூன்றாவது இன்னிங்ஸில் அதிசயமாகக் குணமாகி, ஆட்டம் ஏழுக்கு ஆறு என்று வெற்றியாய் முடிந்திருந்தது. மிலோ மறுபடி போனை எடுத்தான்.

"சார், ஒரு சின்னத் திருத்தம். விழாவை ரெண்டாவது ஆட்டத்துக்கு அப்புறம் வைக்க முடியாது."

"சரி, இப்பவே வைக்கலாம். கேக்கோட கேட்லதான் நிக்கிறேன்."

"இப்பவும் முடியாது சார். போன வருஷம் வச்சிருக்கணும்."



"மிலோ, இது சாதனையா, சோள விலையா? காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு சொல்றே. ரெண்டாவது ஆட்டம் ஆரம்பிக்கறதுக்குள்ள ஒரே ஒரு நம்பர் சொல்லு. தப்பினா திங்கக்கிழமை எங்கே போகணும்னு உனக்கே தெரியும்."

டார்லா சாமான் அறையில் தனியாக உட்கார்ந்து பந்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மிலோ புத்தகத்தை விரித்து மடியில் வைத்தான். பச்சைக் கோட்டைப் பார்த்தார். அப்புறம் மிலோவின் பச்சை விரலைப் பார்த்தார்.

"கதவைச் சாத்து," என்றார்.

சாத்தினான்.

"லைலுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன். ஐந்நூறு ஆனதும் நிறுத்திடறேன்னு. வீடு மாதிரி ஒரு பெரிய வேன் வாங்கி வச்சிருக்காருடா. அடுப்பு, கட்டில் எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும். அதுல ஏறி அரிசோனா போயிடலாம்னு. அப்ப இருநூத்துச் சொச்சம்தான் ஆகியிருந்துது. யாரு கண்டா இவ்வளவு சீக்கிரம் வந்து நிக்கும்னு."

"அவர்கிட்டப் பேசிப் பார்க்கக் கூடாதா கோச்?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு? இருபத்து நாலு வருஷமா மழையிலும் பனியிலும் வந்து உக்கார்ந்த மனுஷன். அந்த வேனை அவர் தம்பி கொட்டகையில நிறுத்தியிருக்கு. சனிக்கிழமை காலையில துணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவார், துடைக்கணும்னு. அவ்வளவு ஆசை." அவர் பந்தைத் துடைப்பதை நிறுத்தினார். "அதுக்காக இந்தப் பிள்ளைங்களை விட்டுட்டு நான் பாலைவனத்துல உக்காந்து கள்ளிச்செடியை எண்ணணுமா? செத்துடுவேன் மிலோ."

மிலோ அவர் மடியிலிருந்த புத்தகத்தை மூடினான்.

"உன் வேலை ஆபத்துல இருக்குன்னு எனக்குத் தெரியும்," என்றார் டார்லா. "என்னால உன் சோறு போகக் கூடாது. நிஜ நம்பரையே சொல்லு. ரெண்டாவது ஆட்டம் மட்டும் முடியட்டும். கடைசி ஆட்டத்தை நிம்மதியா ஆடிக்கறேன்."

"ஆரம்பிக்கறதுக்குள்ள சொல்லணும்னு தலைவர் கேக்கறார் கோச்."

"சரி, அப்ப இப்பவே சொல்லிடு," என்று அவர் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

மிலோ வெளியே வந்தான். கால் மைக் பக்கம் போகவில்லை. நேரே பார்வையாளர் பக்கம் போனது. பின்வேலிக்குப் பக்கத்தில், தன் மடக்கு நாற்காலியில் லைல் பீன்ஸ் சில்லிக் குழம்புக் கிண்ணத்தில் சினமன் ரோல் இனிப்பு ரொட்டியை முக்கித் தின்றுகொண்டிருந்தார். தூரத்தில் டாக்டர் வின்டர்ஸ் கேக் பெட்டியை ஏந்தியபடி மிலோவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எப்படியும் வேலை போகப்போகிறது, கேட்டுவிடுவோம் என்று மிலோ குனிந்தான்.

"லைல் சார், கோச்சுக்கு ஐந்நூறு ஆயிடுச்சுன்னு இப்ப நான் மைக்ல சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

லைல் கரண்டியைக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து மூலை மடங்கிய ஒரு சின்ன நோட்டை எடுத்தார். பெருக்கல் குறிகளும் கோடுகளுமாக நெருக்கி எழுதிய நோட்டு. கடைசிப் பக்கத்தைக் காட்டினார். ஐந்நூற்றுப் பத்தொன்பது.

"ஐந்நூறு போன வருஷம் ஏப்ரல்லயே ஆயிடுச்சு தம்பி," என்றார் மெதுவாக. "நானும் வாயை மூடிக்கிட்டு இருக்கேன். அவளுக்குக் கணக்கு வராது, என் நல்ல நேரம். நீ பாட்டுக்கு மைக்ல சொல்லிக் காரியத்தைக் கெடுத்துடாதே."

"ஏன் சார்? அரிசோனா போகணும்னு நீங்கதானே..."

"நானா? எனக்கு எதுக்கு அரிசோனா, ஆட்டம் பாக்காம ஒரு சனிக்கிழமை எனக்கு ஓடுமா? அவதான் ஆசைப்படறா. நிறுத்தறேன்னு சத்தியமே பண்ணினாளே. நம்பர் தெரிஞ்சா அன்னிக்கே பெட்டியைக் கட்டிக்கிட்டு வேன் எங்கேன்னு வந்து நிப்பா. நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"கொட்டகையிலதானே இருக்கு சார் வேன்?"

லைல் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். டார்லா எங்கும் தென்படவில்லை. பிறகு சினமன் ரோல் பிடித்த கையை நடு மைதானத்துக்கு அப்பால், வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்த ஸ்கோர்போர்டை நோக்கி நீட்டினார்.

"வேன்தானே தம்பி? அதோ நிக்குது பாரு, இன்னிங்ஸ் காட்டிக்கிட்டு."