மணியைத் திருப்பி வைத்தேன்

எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான், கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் கட்டளை அடித்து வேலை வாங்குகிறவன் என்பது காரைக்குடியில் எல்லோருக்கும் தெரியும். (நான்தான் சொன்னேன்.)

தனியாளாக நான் வளர்த்த பலகாரக் கடை. கல்யாணப் பெட்டிகளில் மணமக்கள் பெயர் ஒட்ட, மகள் மீனாள் கல்லூரியில் படிக்கும்போதே ஒரு புரோகிராம் எழுதித் தந்தாள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அதற்குள் போய்ப் பெயரை மாற்றிச் சேமித்துவிட்டு, 'மேக்' என்று அடிக்க வேண்டும். அது புரோகிராமைப் புதிதாகக் கட்டித் தரும். லேபிள் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வள்ளி–சொக்கலிங்கம் லேபிளை முடித்தேன். அடுத்தது கல்லலில் சிவகாமி–அண்ணாமலை வரவேற்பு, நானூறு பெட்டி. வேன் வாசலில் நிற்கிறது. மணி பத்தே முக்கால். ராகு காலம்.

நானா அசருவேன்? கம்ப்யூட்டர் கடிகாரத்தை ஒன்பதரைக்குத் திருப்பினேன். நல்ல நேரம். பெயரை மாற்றி, சேமித்து, 'மேக்' அடித்தேன். வழக்கமாகப் பத்து வரி ஓடும்; அன்று ஒரே ஒரு இங்கிலீஷ் வரி. (நல்ல நேரத்தில் தொட்டால் வேலை சுருக்காக முடியும் என்று மனைவிக்கு விளக்கமும் கொடுத்தேன்.) கண்ணாடி போட்டு லேபிளைப் படிப்பது எனக்குக் கௌரவக் குறைச்சல். அப்படியே ஒட்டி அனுப்பினேன்.

மதியம் பெண்ணின் அப்பா போனில் வந்தார்.

"அண்ணே, அதிரசம் பிரமாதம். யாருக்குக் கல்யாணம்னு மட்டும் சொல்லிருங்க."

"உங்க மகளுக்குத்தான்."

"அப்ப வள்ளி யாருண்ணே? எம் மக மாப்பிள்ளைகிட்ட அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கா."

கோயம்புத்தூரில் இருந்த மீனாளைக் கூப்பிட்டு, அவள் கேட்டபடி பெயரைச் சேமித்த நேரத்தையும் புரோகிராம் கட்டிய நேரத்தையும் திரையில் பார்த்துப் படித்துக் காட்டினேன்.

"அப்பா, மணியை மாத்துனீகளா?"

"லேசா."

"பேரு மாத்துனது ஒன்பதரைன்னு பதிஞ்சிருக்கு. புரோகிராமைக் கட்டுனது பத்து மணிக்கு. கட்டுனதுக்கு அப்புறம் எதுவுமே மாறலைன்னு நெனச்சு அது பழசையே விட்ருச்சு. எல்லாம் புதுசாத்தான் இருக்குன்னு ஒரு வரி வந்திருக்குமே?"

மணியைச் சரியாக்கி, மறுபடி சேமித்து, மறுபடி கட்டி, லேபிளோடு கல்லலுக்கு ஓடினேன். மேடை ஓரத்தில் உட்கார்ந்து நானூறு பெட்டிக்கும் நானே ஒட்டினேன். அவர்கள் கல்யாண ஆல்பத்தில் பாதிப் படங்களில் என் முதுகு இருக்கிறது.

இன்றும் வீட்டில் காபி ஆறிப்போயிருக்கிறதே என்று கேட்டால் என் மனைவி டம்ளரை எடுப்பதில்லை. சுவர்க் கடிகாரத்தைத்தான் காட்டுகிறாள்.

"அதை அரை மணி திருப்பி வச்சுட்டுக் குடிங்க. புதுசாத்தான் இருக்கும்."